வீட்டுக்குரிய இரண்டு மாதங்கள்

காஞ்சிபுரத்தை அடுத்த ஐயங்கார்குளத்தில் என் தகப்பனார் விட்டுச் சென்ற சொத்து இரண்டு ஓட்டு வீடுகள். ஜவுளித் தரகில் சேர்த்த பணத்தை வட்டிக்கு விட மனமில்லாமல், 1986இல் அவற்றைக் கட்டி வாடகைக்கு விட்டார். நகரத்தில் மனை வாங்காமல் சிற்றூருக்குப் போனதேன் என்று கேட்டவர்களிடம், "தறி போட்டவன் லேசில் வீடு மாற்றமாட்டான்" என்பார். அது மெய்யே. குழித்தறிக்குத் தரையில் பள்ளமும் நீண்ட கூடமும் வேண்டும். அவை அமைந்த வீட்டைவிட்டு நெசவாளர் நகர்வதில்லை. 1989இல் வந்த ஒரு குடும்பம் இருபத்தாறு ஆண்டுகள் அங்கே குடியிருந்தது.

தகப்பனாரிடம் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. பன்னிரண்டு மாத வாடகையில் பத்து மாதத்தையே வருமானமென்று எழுதுவார். எஞ்சிய இரண்டும் வீட்டுக்குரியவை; ஓடு மாற்ற, சுண்ணாம்படிக்க, வீட்டு வரி கட்ட. அவ்வூரின் நடவாவிக் கிணற்றை ஆண்டுதோறும் சித்திரா பௌர்ணமி விழாவுக்காக நீரிறைத்து, உள்ளிருக்கும் மண்டபம் தெரியச் செய்வார்கள். கல்லால் கட்டியதையே ஆண்டுக்கொருமுறை இறங்கிப் பார்க்கிறார்களே, நம்முடையது வெறும் செங்கல்தானே என்பார்.

2009இல் அவர் மறைந்தபின் அந்த இரண்டு மாதங்களை நான் எடுத்துக்கொண்டேன். வெளிப்படையாகச் சொல்வதானால், தின்றுவிட்டேன். தறிக்குழியில் ஈரம் கசிகிறதென்று குடியிருந்தவர் இருமுறை சொன்னார். குழிச்சுவருக்குச் சிமெண்டுப் பூச்சும் பின்புறம் வடிகாலும் அமைக்கக் கொத்தனார் 22,000 ரூபாய் கேட்டார். வாடகையோ மாதம் 1,800. ஓராண்டு வாடகைக்கும் மேலாகிறதே என்று தள்ளிப்போட்டேன்.

2015ஆம் ஆண்டு நவம்பர் மழையைக் காஞ்சி மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். குழியில் முழங்காலளவு நீர் ஊறியது. தறியில் ஏற்றியிருந்த பட்டுப் பாவு கெட்டது. நான் போய் நின்றபோது அவர் கோபிக்கவில்லை. "பெரிய பாய் இருந்திருந்தா ஐப்பசிக்கு முன்னாடியே கொத்தனாரை அனுப்பியிருப்பாரு" என்றார், அவ்வளவே. மூன்று மாத வாடகை வேண்டாமென்றேன். அவர் அடுத்த மாதமே காலி செய்தார். வீடு பதினான்கு மாதம் பூட்டிக் கிடந்தது. போன வாடகை 25,200. பிறகு அதே வேலைக்கு 31,000 கொடுத்தேன். அவருடைய பாவின் விலையை நான் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை.

இப்போது விற்றுவிடலாமென்கிறான் என் மகன். இரு வீட்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 84,000 வருகிறது. மனையோடு முப்பது லட்சம் பெறும். நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. 1960ஆம் ஆண்டின் பழைய வாடகைச் சட்டம், பின்வந்த திருத்தத்தின்படி, குடியிருப்புக்கு நூற்றுக்கு ஒன்பதை நியாய வாடகையாக வைத்திருந்தது! சட்டத்தின் நியாயம் சந்தையில் செல்லவில்லை. ஆயினும் 1990இல் 150 ரூபாயாக இருந்த ஒரு வீட்டின் வாடகை இன்று 3,500. விலைவாசியோடு தானும் ஏறிய பணம் அது. போட்ட முதல் போட்டபடியே கிடக்கும் வைப்புநிதிக்கு அந்த இயல்பில்லை. ஆனால் ஏறுவதற்கு வீடு நிற்கவேண்டும், அதில் ஆளிருக்கவேண்டும்.

மகனுக்கு இன்னும் முடிவான பதில் சொல்லவில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும். தகப்பனார் காலத்தில் வாய்ச்சொல்லே போதுமாயிருந்தது. இப்போதிருக்கும் நெசவாளரோடு எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில், புரட்டாசிக்குள் குழியையும் ஓட்டையும் பார்த்துத் தருவேன் என்று ஒரு வரியை நானே சேர்க்கச் சொன்னேன். எழுதியவர் நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக்காரர் இப்படிக் கேட்டு அவர் பார்த்ததில்லையாம்.