மந்தகதிக் கணிப்பொறி

எமது இல்லத்துக் கணிப்பொறி விண்டோஸ் 7 கொண்டு இயங்குவது. நினைவகம் 2 ஜிபி. அண்மையில் அஃது ஓர் ஏட்டைத் திறத்தற்கு ஐந்து நிமிடங் கொண்டது. கடைக்காரர், ‘பழம்பொறி, கழித்துவிடுக’ என்றார். எம் பாட்டனார் சொல்ல யாம் எழுதிவந்த குடும்ப வரலாறு அதன்கண் முற்றுப்பெறாது கிடந்தமையின் மனம் ஒருப்படவில்லை.

முதற்கண் அவ்வேட்டைப் பென்டிரைவிற் படியெடுத்துக் காத்தோம். பின்னர் டாஸ்க் மானேஜரைத் திறந்து நோக்க, நினைவகம் நிரம்பியிருந்தது. இடம் போதாமையின் பொறியானது சுழலும் வன்தட்டையே நினைவகமாகக் கொண்டு ஓயாது எழுதியும் படித்தும் உழன்றது. தட்டின் விரைவோ நினைவகத்தினும் மிகத் தாழ்ந்தது. தொடக்கத்தில் வேண்டாது எழும் நிரல்களை நிறுத்தி, மேலும் 2 ஜிபி சேர்த்தோம். ஏடு அரை நிமிடத்தில் திறந்தது.

விண்டோஸ் 7-க்குரிய பொதுவான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஆம் நாளோடு நின்றமையின், பொறியை இணையத்தினின்று நீக்கி எழுத்துப்பணிக்கே வைத்துள்ளோம். முதுமை வேறு, நோய் வேறு அன்றோ! பாட்டனார் சொல்லி வருகின்றார். யாமும் எழுதி வருகின்றோம்.