நேரே பார்த்தால் கொஞ்சம் கோணல்

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நான் அங்கே போனதற்குக் காரணம் வேறு. 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் அலை காய்ந்த மரத்துக்குள் நுழைந்து பொந்தைக் காட்டுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. பையில் எங்கள் தட்டை லென்ஸ்: பதினைந்து சென்டிமீட்டர் சதுரத் தகடு, அதில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட செப்புப் பொட்டுகள்.

பட்டறைச் சுவரோரம் வாகைக் கட்டைகள் அடுக்கியிருந்தன. பெரியவர் தகட்டை வாங்கி, ஒரு கண்ணை மூடி விளிம்போடு பார்த்தார்.

"வளைவே இல்லையே தம்பி. லென்ஸுன்னா நடுவுல புடைச்சிருக்கணும்ல?"

நியாயமான கேள்வி. கண்ணாடி லென்ஸில் தடிமனான நடுப்பகுதி ஒளியைக் கூடுதலாகத் தாமதப்படுத்துகிறது. அந்த வித்தியாசம்தான் குவிக்கிறது. எங்கள் தகட்டில் தடிமன் எங்கும் ஒன்றே. ஒவ்வொரு பொட்டின் அளவையும் மாற்றினால், அங்கே கடக்கும் அலையின் முகடு முந்தியோ பிந்தியோ வெளிவரும். அலைநீளம் 3.9 மில்லிமீட்டர், பொட்டுகளின் இடைவெளி அதில் பாதிகூட இல்லை.

"இவ்ளோ பொடிசா எந்த உளி செதுக்குது?"

"உளி இல்லீங்க ஐயா. ரசாயனக் கரைசல் செம்பை அரிச்சு எடுக்குது."

அவருக்கு அதில் சுவாரசியம் போய்விட்டது.

பக்கத்தில் ஒரு இளைஞர் யாளியின் பிடரியைக் குடைந்துகொண்டிருந்தார். சுருளின் பாதியில் கொட்டாப்புளியை நிறுத்தி, கட்டையைத் திருப்பி, மறுமுனையிலிருந்து உளியை வைத்தார். நாருக்கு எதிரே போனால் பிய்த்துக்கொள்ளுமாம். என் அலைக்கும் நார் தெரிந்தது: கட்டையைத் தொண்ணூறு பாகை திருப்பியதும் சிக்னல் மாறியது. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் இதே மில்லிமீட்டர் அலைகளோடு விளையாடியவர். முறுக்கிய சணல் அலையின் அதிர்வுத் தளத்தைத் திருப்பும் என்று 1898இல் காட்டினார். வலமாக முறுக்கினால் ஒரு பக்கம், இடமாக முறுக்கினால் மறுபக்கம். இன்று மெட்டாபொருள் என்ற பெயரில் நாங்கள் செய்யும் வேலைக்கு அந்தச் சணல் கட்டுதான் பாட்டன்.

பொந்து சோதனை சுமார்தான். ஈரம் போகாத கட்டை அலையைக் குடித்துவிட்டது. காய்ந்த கட்டையிலும், ஒரு மீட்டர் தள்ளி வைத்தால் மூன்று சென்டிமீட்டருக்குக் குறைந்த எதையும் இந்த லென்ஸால் பிரித்துக் காட்ட முடியாது. பெரியவர் விரல் முட்டியால் தட்டியே வெடிப்பைச் சொல்லிவிடுகிறார். இந்த வேலைக்கு ரேடாரை யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டாம்.

என்னைப் பிடித்து நிறுத்தியது மேசையில் கிடந்த ஒரு அம்மன். நெற்றி பெரிது, முகம் முன்னே சாய்ந்திருந்தது. அளவு தப்பியதோ என்று பார்த்தேன்.

"வாசப்படிக்கு மேல ஏறப்போவுது. கீழ நிக்கறவனுக்குத்தான் செய்யறோம், நமக்கா?"

பக்கவாட்டையும் பார்க்க வேண்டிய அகலக்கோண லென்ஸின் சிக்கலும் இதுதான். வழக்கமான தட்டை லென்ஸ் நேரே வரும் அலையைக் கூர்மையாகக் குவிக்கும். பதினைந்து பாகை சாய்ந்தாலே புள்ளிக்கு வால் முளைக்கும். தாமதத்தை மையத்திலிருந்து உள்ள தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மட்டும் வைத்தால், சாய்ந்து வரும் அலைக்குத் தகடே பக்கவாட்டில் நகர்ந்துவிட்டதுபோல ஆகிறது. புள்ளி இடம் மாறும், வடிவம் அநேகமாக மாறாது. பதிலுக்கு நேர்ப்பார்வையின் கூர்மை குறையும். எந்தக் கோணத்துக்கும் தகட்டின் ஒரு பகுதிதான் உழைக்கும். தரம் பார்ப்பவர்கள் லென்ஸை நேரே வைத்து அளந்துவிட்டு முகம் சுளிப்பார்கள். அவர்களை ஒருநாள் இந்தப் பட்டறைக்கு அழைத்து வர வேண்டும்.

மறுநாள் இரண்டு வகை லென்ஸையும் சோதிக்கக் கோமுகி அணை தாண்டி, வெள்ளிமலை சாலையில் கல்வராயன் மலை ஏறினோம். நல்ல மூடுபனி. அதன் துளி எங்கள் அலைநீளத்தில் நூறில் ஒரு பங்குகூட இராது, அலை தாராளமாகக் கடக்கும். மழைத்துளி மில்லிமீட்டர் கணக்கில் இருப்பதால் சிதறடிக்கும். கொண்டை ஊசி வளைவில் நேரே இருப்பது பாறைதான். எதிர்வண்டி ஐம்பது, அறுபது பாகை பக்கவாட்டில் வரும். வழக்கமான லென்ஸ் அங்கே ஒரு கறையைக் காட்டியது. வர்க்க லென்ஸில் மங்கலாக, ஆனால் தனியாக, ஒரு வேன் தெரிந்தது.

அறுபது பாகைக்கு மேல் தகடு போதவில்லை. குவியதூரத்தை மாற்றாமல் அடுத்த தகட்டை அகலமாக்க வேண்டும், ரிசீவர் வரிசையும் நீள வேண்டும். செலவுப் பட்டியல் அனுப்பியாகிவிட்டது, பதில் வரவில்லை.