கடல்மேடையில் இரும்புக் கைகள்

பத்துமலை அடிவாரத்தில் நிற்கும் முருகன் சிலையின் உயரம் 42.7 மீட்டர். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நீளமுள்ள எஃகுக் குழாய் ஒன்றைக் கற்பனை செய்து பாருங்கள். கடல் நடுவே எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடையில், இத்தகைய நெடுங்குழாய்களைத்தான் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூட்டிப் பூமிக்குள் இறக்குகிறார்கள்.

மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு 1910ஆம் ஆண்டு சரவாக்கின் மிரியில், நிலத்தில் தோண்டப்பட்டது. பின்னர் எண்ணெய் தேடும் பணி கடலுக்கும் விரிந்தது. இன்று திரங்கானு, சபா, சரவாக் கடற்பகுதிகளில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கப்படுகின்றன.

துளையிடப் பயன்படும் தனிக்குழாய் ஒன்று 9 மீட்டருக்குச் சற்று அதிக நீளமுடையது. 200 கிலோகிராமுக்கும் மேல் எடையுள்ளது. மூன்றைப் பூட்டினால் சுமார் 28 மீட்டர் நீளமாகும். 3,000 மீட்டர் ஆழத்தில் துளைமுனை தேய்ந்துபோனால், அதை மாற்றுவதற்கு நூற்றுக்கும் மேற்பட்ட நெடுங்குழாய்களைக் கழற்றி மேலே எடுக்க வேண்டும். பிறகு அத்தனையையும் மீண்டும் பூட்டி இறக்க வேண்டும். இரவானாலும் மழையானாலும் இப்பணி தொடரும்.

முன்பு இதைத் தொழிலாளர்கள் கைகளாலேயே செய்தனர். பெரிய குறடுகளால் மூட்டைப் பிடித்து முறுக்கினர். குழாயைச் சுழற்றச் சங்கிலியைச் சுற்றி இழுத்தனர். ஒரு நொடி கவனம் சிதறினால் விரல் நசுங்கிவிடும். இன்னொருவர் கோபுரத்தின் உச்சிப் பகுதியில், பாதுகாப்பு வாரை அணிந்து குறுகிய பலகையில் நின்று, குழாய்களின் தலைப்பகுதியை இழுத்து வரிசையாகச் சாய்த்து வைப்பார்.

1970களில், மூட்டுகளைத் தானே பிடித்து முறுக்கும் இயந்திரம் பயன்பாட்டுக்கு வந்தது. அடுத்தடுத்து, குழாயைத் தூக்கவும் அடுக்கவும் இயந்திரக் கைகள் வந்தன. இன்று பல நவீன மேடைகளில், இயக்குநர் கண்ணாடி அறைக்குள் அமர்ந்து, திரையைப் பார்த்தபடி சிறு நெம்புகோலால் குழாய்களை நகர்த்துகிறார்.

இதனால் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடவில்லை. இயந்திரக் கைக்கு வலியும் தெரியாது, இரக்கமும் தெரியாது. ஆகவே, அது இயங்கும்போது எவரும் நுழையக்கூடாத எல்லை வகுக்கப்படுகிறது. பழுது ஏற்பட்டால், இயந்திரத்தை நிறுத்திவிட்டு மனிதன்தான் அருகில் செல்ல வேண்டும்.

இன்னொரு கேள்வியும் எழுகிறது. விரலைக் காத்த இயந்திரம் வேலையைப் பறித்துவிட்டால் தொழிலாளி என்ன செய்வார்? இக்கேள்வி நியாயமானது. மேடைத்தளத்தில் ஆள்தேவை குறையும்போது, இயந்திரத்தைக் கண்காணிக்கவும் பழுதுபார்க்கவும் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள். எனினும், நேற்றுவரை குறடு பிடித்தவர் இன்று தானாகவே திரையின்முன் அமர்ந்துவிட முடியாது. அவருக்குப் பயிற்சியும் அதற்கான காலமும் வேண்டும். அவற்றை வழங்குவது இயந்திரத்தை வாங்குவோரின் கடமை.

பல ஆண்டுகள் மேடையில் உழைத்தவர், குழாய் எழுப்பும் ஓசையிலும் அதிர்விலும் வேறுபாட்டை உணரக்கூடியவர். அந்த அனுபவத்தை வெளியே அனுப்பிவிட்டு இயந்திரத்தை மட்டும் உள்ளே கொண்டுவந்தால், மேடைக்கு வலிமை கூடும், விவேகம் குறையும்.