கொள்கலனுள் ஒரு கட்டியகாரன்

தமிழாசிரியனுக்கும் கணினிக் கொள்கலன்களுக்கும் யாது தொடர்பு என இம்மலரை விரிப்போர் வினவக்கூடும். மாணவரின் கட்டுரைகளும், கல்லூரியின் பழைய மலர்களின் மின்னுருப் படிகளும் நூலக மூலையிலுள்ள ஒரு கணினியிலே சேமிக்கப்பட்டுள்ளன. அதனைப் பேணும் பொறுப்பு என்னுடையது. தொடர்பு அவ்வளவே.

அக்கணினியில் இரு கொள்கலன்கள் இயங்குகின்றன. ஒன்று கோப்புகளை வைத்துக் காக்கும் நெக்ஸ்ற்கிளவுட்; மற்றையது அதன் கணக்கையெல்லாம் ஏந்தும் போஸ்ற்கிறெஸ் தரவுத்தளம். 2013ஆம் ஆண்டு வெளிவந்த டொக்கர் என்னும் மென்பொருளே இம்முறையைப் பரப்பியது. ஒரு செய்நிரலும் அதற்கு வேண்டிய துணைக்கோப்புகளும் ஒருங்கே அடைக்கப்பெற்ற அச்சுக்குப் படிமம் என்று பெயர். அவ்வச்சிலிருந்து எழுந்து இயங்குவது கொள்கலன். படிமத்தை ஆக்கியோர் குறை திருத்திப் புதியதை வெளியிட்டாலும், நம்மிடத்து ஓடுவது பழையதாகவே ஓடிக்கொண்டிருக்கும். எவரும் வந்து சொல்வதில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பெயர்ச்சீட்டு மாறாமலே பொருள் மாறும். ‘போஸ்ற்கிறெஸ் 16’ என்னும் சீட்டு சென்ற மாதம் சுட்டிய படிமம் வேறு, இன்று சுட்டுவது வேறாயிருக்கலாம். ஏட்டுச் சுவடி பற்றி அறிந்தோர்க்கு இது புதிதன்று. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளை அவர்கள், ஒரே நூற்பெயர் தாங்கிய ஏடுகளை ஒப்புநோக்கியே பாடங்கொண்டார்கள். படிமங்களை ஒப்புநோக்கவும் பெயர் உதவாது. உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்பெறும், எழுத்தும் இலக்கமுமாய் 64 இடங்கொண்ட குறியீடே உதவும்.

அவ்வேலையைச் செய்வது டியுன் என்னும் சிறு கருவி. அதுவும் ஒரு கொள்கலனாகவே இயங்கும். கொம்போஸ் கோப்பிலே சில வரிகள் எழுதி அதனை நிறுவிவிடலாம். ஆயினும் அவ்வரிகளின் கருத்தறிந்து எழுதுதல் வேண்டும். எவ்வெக் கொள்கலன்கள் ஓடுகின்றன என அது அறிதற்கு டொக்கரின் சொக்கெற்றைத் திறந்துவிடல் வேண்டும். இது சிறு விடயமன்று. அதனைப் பெற்றவன் கணினி முழுவதற்கும் அதிபனாகலாம். ‘வாசிக்க மட்டும்’ என்று எழுதிவிட்டாற் காப்பாகும் எனச் சிலர் எண்ணுவர், ஆகாது. ஆகவே வெளியிலிருந்து எட்டத்தக்க வாயில் எதனையும் டியுனுக்கு நான் திறக்கவில்லை. அஃது அதற்கு வேண்டுவதுமில்லை.

அடுத்தது அதன் நினைவு. தான் கண்ட குறியீடுகளை அஃது ஒரு கோப்பில் எழுதிவைக்கின்றது. அக்கோப்பு கொள்கலனுக்கு வெளியே, கணினியின் வட்டிலே இருத்தல் வேண்டும். இல்லையேல், கொள்கலனை மீள ஆக்குந்தோறும் யாவும் அதற்கு முதற்காட்சியாகும். முதன்முறை கண்டதைப் பற்றி வாய்திறவாமை அதன் இயல்பாதலின், இடையில் நிகழ்ந்த மாற்றம் அறிவிக்கப்படாமலே போய்விடும். நேரவலயத்தைக் கொழும்பு எனக் குறியாவிடினோ, காலை 6 மணிக்கு வேண்டிய செய்தி 11.30க்கு வரும், அவ்வேளை நான் வகுப்பிலே நிற்பேன்.

அறிவித்தலோடு நில்லாது, தாமே புதிய படிமத்தை இறக்கிக் கொள்கலனை மாற்றிவிடும் கருவிகளும் உள. நண்பர் சிலர் அவற்றையே புகழ்ந்தனர். எனக்கு உடன்பாடில்லை. போஸ்ற்கிறெஸ் 16 எழுதிய தரவுகளைப் பதிப்பு 17 அப்படியே திறவாது. தொடங்க மறுத்து நின்றுவிடும். உரிய முறையிலே பெயர்த்தெடுத்தே மாற்றல் வேண்டும். நெக்ஸ்ற்கிளவுட்டும் பெரும்பதிப்பு ஒன்றைத் தாண்டிப் பாயவிடாது. ‘லேற்றஸ்ற்’ என்னும் சீட்டையும் ஒட்டி, இரவிலே தானாக மாற்றும் கருவியையும் வைத்துவிட்டால், ஒருநாள் விடியும்போது உயர்தர மாணவர் ஓராண்டாக எழுதிய கட்டுரைகள் பூட்டிய அறைக்குள் இருக்கும். நம் நாட்டுக் கூத்திலே கட்டியகாரன் அரசன் வருகையைக் கூறுவான், அரியணையில் ஏறான். எனக்கு வேண்டியவன் அவனே.

அண்மையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, தரவுத்தளப் படிமம் மாறியதென ரெலிகிராம் வழியே செய்தி வந்தது. வெளியீட்டுக் குறிப்பை இடைவேளையில் வாசித்தேன். பாதுகாப்புக் குறை ஒன்று திருத்தப்பட்டிருந்தது. பாடசாலை விட்டபின் தரவுகளைப் படியெடுத்து, புதிய படிமத்தை இறக்கி, கொள்கலனை மீள எழுப்பினேன். கால்மணி நேரத்து வேலை. 12ஆம் தர மாணவர் இருவர் அருகிருந்து பார்த்தனர். அடுத்த செய்தி வரும்போது கட்டளைகளைத் தட்டுவது அவர்கள் பணி, படியெடுப்புச் சரியா எனப் பார்ப்பது என் பணி என எம்மிடையே ஒப்பந்தமாகியுள்ளது.