மலையில் கேட்கும் குரல்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ராக்கி மலைகளின் நடுவே எஸ்டெஸ் பார்க் என்ற சிற்றூர் உள்ளது. செப்டம்பர் மாதம் அங்கே போனால், விடியற்காலையில் விநோதமான ஓர் ஓசை கேட்கும். அடித்தொண்டையில் தொடங்கி, சீழ்க்கைபோல் உச்சிக்கு ஏறி, உறுமலாய் முடியும். அது எல்க் மானின் குரல். நம் காட்டு ரூசா மானைவிடப் பெரிய மான் அது; ஆண் மான் 300 கிலோவுக்கு மேலும் இருக்கும்.

அது இணைசேரும் காலம். பெண் மான்களைக் கூட்டவும், போட்டிக்கு வரும் ஆணை விரட்டவும் ஆண் மான் இப்படிக் கூவுகிறது. வேட்டைக்காரர்கள் இதைக் கற்றுக்கொண்டார்கள். லாட வடிவச் சட்டத்தில் மெல்லிய ரப்பர் ஏட்டை இழுத்துக் கட்டி, மேலண்ணத்தில் வைத்து ஊதுகிறார்கள். ஆம், நாம் அறிந்த அதே ரப்பர்தான்! பெண் மான்போல் மெல்ல அழைத்தால் ஆண் மான் தேடி வரும். ஆண் மான்போல் கூவினால் சண்டைக்கு வரும். சில வேளை ஒதுங்கியும் போகும்.

வேட்டை மிகுந்ததால், 19-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அவ்வட்டாரத்தில் எல்க் ஏறக்குறைய அற்றுப்போனது. 1913, 1914-ஆம் ஆண்டுகளில் யெல்லோஸ்டோன் பகுதியிலிருந்து மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். 1915-இல் ராக்கி மலை தேசியப் பூங்கா அமைந்தது.

பூங்காவுக்கு வெளியே, உரிமச் சீட்டு உள்ளவர்கள் இன்றும் வேட்டையாடலாம். உள்ளே வேட்டைக்குத் தடை. வேடிக்கைக்காகக் குரல் கொடுத்து அழைப்பதும் குற்றம். காரணம் உண்டு. இந்நாட்களில் ஆண் மான் சரியாக மேய்வதில்லை. பொய்க் குரலைத் தேடி அலைந்தால், பனிக்காலத்தைத் தாங்கும் பலமும் போய்விடும்.

ஆகவே, அங்கே கூடுவோர் பேசாமல் நின்று கேட்கிறார்கள். அழைக்காமலே வரும் குரலுக்கு இனிமை அதிகம் அல்லவா?