ஃபிரிட்ஜுக்குள் ஒரு மரச்சட்டம்



போன வாரம் நான் போட்ட மரச்சட்டத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், ரிட்டயர் ஆனபிறகு ஆசாரி வேலையா?" என்று பலர் கேட்டிருந்தீர்கள். அது எதற்கு என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. காலையும் இரவும் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். எங்கள் ஃபிரிட்ஜ் ஒற்றைக் கதவு வைத்த சின்னது. மருந்தை ஃபிரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டில் வைத்தது நான்தான். குளிர்ச்சி கூடக்கூட மருந்துக்கு நல்லது என்று ஒரு நினைப்பு.

சித்திரையில் ஒரு நாள் காலை, "என்னங்க, மருந்து திரிஞ்ச மாதிரி இருக்கு, வந்து பாருங்களேன்" என்றார். பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல், "நல்லா உருட்டிட்டுப் போட்டுக்கோ" என்றேன். அடுத்த வாரம் சமையல்கட்டில் அப்படியே சாய்ந்துவிட்டார். சர்க்கரை 400-ஐத் தாண்டியிருந்தது. சிதம்பரத்தில் 4 நாள் ஆஸ்பத்திரி. மருந்தைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்த டாக்டர், "இது உறைஞ்சு உருகியிருக்கு சார், வேலை செய்யாது" என்றார்.

இன்சுலினை 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகினாலும் பயன்படுத்தக் கூடாது. "குளிர்ந்த காற்று கனமானது, கீழே இறங்கும், அதனால்தான் ஃபிரீசர் மேலே இருக்கிறது" என்று உங்களுக்கு வருடா வருடம் பாடம் நடத்தியவன் நான். என் வீட்டு ஃபிரிட்ஜில் அதை மறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் 3 டம்ளரில் தண்ணீர் ஊற்றி, இரவு முழுக்க 3 இடத்தில் வைத்தேன். காலையில் ஃபிரீசருக்குக் கீழே இருந்த டம்ளரில் ஐஸ் ஏடு படிந்திருந்தது. நடுத்தட்டில் வெப்பமானி 5 டிகிரி காட்டியது. கதவில் 11. சரி, நடுத்தட்டுதான். ஆனால் அங்கே பால், மாவுத் தூக்கு, மீன் குழம்புச் சட்டி எல்லாம் வந்து மருந்தை மூலைக்குத் தள்ளிவிடும். அதற்கென்று தனி இடம் வேண்டும்.

பாண்டிச்சேரியில் ஒரு மாணவர் வீட்டு ஃபிரிட்ஜில் ஒயின் பாட்டில்களைப் படுக்கவைக்கும் மரச்சட்டம் பார்த்திருக்கிறேன். தக்கை காய்ந்துபோகாமல் இருக்கப் படுக்கவைப்பார்களாம். (சட்டத்தை மட்டும்தான் பார்த்தேன், நம்புங்கள்!) அதே மாதிரி சின்னதாகச் செய்தால் என்ன என்று தோன்றியது.

உள் அகலம் 17 அங்குலம். சரியாக 17-க்கே தேக்கு ரீப்பரை அறுத்து ஆணி அடித்தேன். இடிபட்டு இடிபட்டு ஒருவழியாக உள்ளே போனது. ஒரு வாரத்தில் ஈரத்தில் மரம் ஊதி, வெளியே எடுக்கவே முடியவில்லை. கிள்ளையில் ஆசாரி வேலை பார்க்கும் என் பழைய மாணவர் வந்து அதை உடைத்துத்தான் எடுத்தார். "அளவுக்கு அளவு அறுக்கக் கூடாது சார். ரெண்டு பக்கமும் அரை அங்குலம் விடுங்க" என்றார். அறிவியலில் அவருக்கு நான் போட்ட மார்க்கை இங்கே சொல்ல மாட்டேன்.

இரண்டாவது சட்டம் 16 அங்குலம். பின்னால் 2 அங்குலம் இடைவெளி. காற்று போய்வர ரீப்பருக்கு ரீப்பர் சந்து. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததோடு சரி; வார்னிஷ் வாசம் சாப்பாட்டில் ஏறும் என்று அடிக்கவில்லை. புது மருந்து வலது பக்கம், எடுப்பது இடது பக்கம். பழையது முதலில் தீர்ந்துவிடும்.

கரண்ட் போனால்? 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு நாள்கணக்கில் இருட்டில் கிடந்தோமே, நினைவிருக்கிறதா? பெரிய பானையில் ஈர மணல் போட்டு, நடுவே சின்னப் பானையில் மருந்தை வைத்துத்தான் அப்போது சமாளித்தோம். அந்தப் பானைகள் இன்றும் பரணில் இருக்கின்றன.

சட்டம் செய்தது பெரிய காரியம் இல்லை. அன்று காலை எழுந்துபோய் அந்தப் பாட்டிலை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் அவர் விழுந்திருக்கவே மாட்டார். இப்போதெல்லாம் அவர் கூப்பிட்டால் பேப்பரை மடித்துவைத்துவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய்ப் பார்க்கிறேன்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். அம்மாவோ அப்பாவோ இன்சுலின் போடுகிறார்களா? இன்று இரவு ஃபிரிட்ஜைத் திறந்து, மருந்து எந்தத் தட்டில் இருக்கிறது என்று பாருங்கள். பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

அனைவரும் நலமுடன் இருங்கள்.