கணக்குப் பிள்ளையும் சீட்டுக் கட்டும்

சீட்டாட்டம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? கல்யாண வீட்டு மாடியில் விடிய விடிய நடக்கும் ரம்மியா? ஊருக்கு வெளியே மரத்தடியில் துண்டை விரித்து, ஒரு கண்ணைச் சீட்டிலும் மற்றொரு கண்ணைப் போலீஸ் வரும் வழியிலும் வைத்து ஆடும் மூன்று சீட்டா? எதுவானாலும் சரி; அங்கே ஆடுகிறவர்கள் உண்டு, வேடிக்கை பார்க்கிறவர்கள் உண்டு, சோடாவும் வெற்றிலையும் வாங்கி வருகிறவர்கள்கூட உண்டு. கணக்கெழுதுவதற்கென்றே ஒருவர் உட்கார்ந்திருந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பெரிய பிரிட்ஜ் பந்தயங்களில் அப்படி ஒருவர் உண்டு. பத்திரிகை வேலை போக, லீவு நாட்களில் அந்தக் கணக்குப் பிள்ளை உத்தியோகம் பார்ப்பவர்களில் நானும் ஒருவன்.

பிரிட்ஜ் நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் கூட்டாளிகள். ஆளுக்கு 13 சீட்டு. நாலு பேரும் ஒவ்வொரு சீட்டு இறக்கினால் அது ஒரு பிடி. எத்தனை பிடி எடுப்போம் என்று முன்கூட்டியே ஏலம் கேட்க வேண்டும். இஸ்பேட் துருப்பில் 10 பிடி என்று கேட்டு எடுத்துவிட்டால், சாதாரணமாக 420 புள்ளி. பயந்துகொண்டு 9 என்று கேட்டுவிட்டு அதே 10 பிடியை எடுத்தால் 170தான்! துணிச்சலுக்கு இப்படி விலை வைக்கும் கணக்குக்கு அடிப்படை போட்டவர் ஹரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வர். 1925-ல் ஒரு கப்பல் பிரயாணத்தில் அதை ஆடிப் பார்த்தார்.

பந்தயத்தில் அதிர்ஷ்ட தேவதைக்கு அவ்வளவாக வேலையில்லை. ஒரு மேஜையில் ஆடிய சீட்டைக் கலைக்காமல், நாலு அறை கொண்ட பலகையில் செருகி அடுத்த மேஜைக்கு அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு வந்த அதே மோசமான சீட்டு, உங்கள் திசையில் உட்காரும் மற்றவர்களுக்கும் வரும். "எனக்குச் சீட்டு சரியில்லை" என்ற பழைய பல்லவி இங்கே செல்லாது.

சரி, கணக்குப் பிள்ளைக்கு என்ன வேலை? ஒவ்வொரு மேஜையிலும் வடக்கே உட்கார்ந்தவர் ஒரு சிறு கருவியில் முடிவைப் பதிவார். எதிர் ஜோடி பார்த்து ஒப்புக்கொண்டால்தான் அது ஏறும். அப்படி ஏறியவற்றை நான் சரிபார்க்க வேண்டும். எல்லா மேஜையிலும் வடக்கு-தெற்குக்கு 420 வந்திருக்க, ஒரு மேஜையில் மட்டும் கிழக்கு-மேற்குக்கு 420 என்று இருந்தால், யாரோ திசையை மாற்றிப் பதிந்துவிட்டார்கள் என்பது பார்த்தவுடன் புரியும். ஆனாலும் என் இஷ்டத்துக்குத் திருத்தக் கூடாது. இரு தரப்பையும் கேட்க வேண்டும். திருத்தம் சொல்லவும் கெடு உண்டு. அது தாண்டினால் எழுதினது எழுதினதுதான்.

ஒரு பந்தயத்தில் அந்தக் கெடு முடியச் சில நிமிஷங்களே இருந்தன. முதல் இடத்தில் இருந்த இளம் ஜோடி என் மேஜைக்கு வந்தது. "ஸார், ஒரு ஆட்டத்தில் எங்களுக்குப் பத்துப் பிடி என்று விழுந்திருக்கிறது. ஒன்பதுதான் எடுத்தோம்" என்றார்கள். எதிர் ஜோடி அதைக் கவனிக்கவே இல்லை. அவர்களையும் கூப்பிட்டுக் கேட்டுத் திருத்தினேன். 420 போய், ஒரு பிடி குறைந்ததற்காக 50 அபராதம் ஏறியது. முதல் இடமும் போயிற்று. இருவரும் 'தாங்க்ஸ்' சொல்லிவிட்டுக் காப்பி சாப்பிடப் போனார்கள்.

இதை என் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் இருப்பது கொடும்பாளூரில். திருச்சியிலிருந்து மதுரை போகும் சாலையில், விராலிமலைக்கு அடுத்தாற்போல. படித்த பிள்ளை சீட்டாடுகிற இடத்தில் வேலை பார்க்கிறான் என்பதில் அவருக்கு வருத்தம். 2018 ஆசிய விளையாட்டில் நம் பிரணாப் பர்தன் 60 வயதில் பிரிட்ஜுக்காகத் தங்கப் பதக்கம் வாங்கியதைச் சொன்னேன். கூட ஆடிய ஷிப்நாத் சர்க்காருக்கு வயது 56.

"அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. இதுலே திருட்டுத்தனமே கிடையாதா?" என்றார்.

இருக்கிறது. 2015 செப்டம்பர் கடைசியில் உலக பிரிட்ஜ் பந்தயம் சென்னையிலேயே தொடங்கியது. பெர்முடா கோப்பைக்கு 22 அணிகள். அதற்குச் சில வாரங்கள் முன்பு ஐரோப்பாவின் பிரபல ஜோடிகள் சிலர் மீது குற்றச்சாட்டுக் கிளம்பிற்று. பழைய ஆட்டங்களின் படப் பதிவையும், எந்தக் கையில் எந்தச் சீட்டு இருந்தது என்ற பதிவையும் பலர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பலகையை மேஜையில் எந்த இடத்தில் வைப்பது என்பதுகூடக் கூட்டாளிக்கு ஜாடை என்று புகார் எழுந்தது. இஸ்ரேல், ஜெர்மனி, மொனாக்கோ அணிகள் விலகிக்கொண்டன. போலந்தின் ஒரு ஜோடிக்குக் கடைசி நேரத்தில் அனுமதி இல்லை என்றார்கள். மீதி நாலு பேரும் ஆடி, அந்த அணியே கோப்பையை வென்றது!

"அப்படின்னா, எழுதி வச்சிருந்ததாலேதான் சந்தேகப்படவே முடிஞ்சுது" என்றார் சித்தப்பா. கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்க அப்பாரு கிணத்தடி நிலத்தைத் தோத்தாரே, அந்த ஆட்டத்துலே கணக்கெழுத ஆள் கிடையாதுப்பா. விடிஞ்சதும் ஜெயிச்சவன் சொன்னதுதான் கணக்கு."

மறுநாள் காலை மூவர் கோவில் பக்கம் நடந்தேன். கொடும்பாளூர் வேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரால் ஒன்றும், தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களால் இரண்டுமாக மூன்று கோவில் எடுத்தான் என்று நடுக் கோவிலின் கல்வெட்டு சொல்கிறது. இன்று நிற்பவை இரண்டுதான். மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். ஆயினும் அது யாருக்காக எழுந்த வரிசையில் நின்றது என்று ஆயிரம் வருஷம் கழித்தும் நம்மால் சொல்ல முடிகிறது.

எங்கள் தாத்தாவின் அந்த ஓர் இரவுக்குக் கல்லும் இல்லை, காகிதமும் இல்லை. அவர் ஏமாந்தாரா, நியாயமாகவே தோற்றாரா என்று இனி யாரும் சொல்ல முடியாது. நிலம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது, வேறொருவர் பட்டாவில்.